ரோட்டா சொட்டு மருந்தும் குடல் செருகலும்: பயமுறுத்தும் செய்தியை எப்படிப் படிப்பது, பிள்ளையிடம் எதைக் கவனிப்பது

கைப்பிள்ளைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கைத் தருகிற ரோட்டா வைரஸைத் தடுக்கும் சொட்டு மருந்தைக் கொடுத்தால் பிள்ளைக்குக் குடல் முடிச்சு விழுந்துவிடும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அவ்வப்போது சுற்றுகிறது. கோலாலம்பூர் செந்தூலில் மருந்துக் கடையில் நிற்கிற எனக்கு அது எந்த வாரம் கிளம்பியது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, போனை என் முன்னால் நீட்டி, "அக்கா, இது உண்மையா?" என்று கேட்கிறவர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். ஆமாம் என்றால் மருந்தே வேண்டாம் என்று போய்விடுவார்கள், இல்லை என்றால் நான் பொய் சொன்னதாகும். உண்மை என்னவென்றால், அப்படி ஓர் ஆபத்து இருக்கிறது, மிகச் சிறியது, அது வருகிற நாள்கூட ஏறக்குறையத் தெரியும், வந்தால் சரிசெய்யவும் வழி இருக்கிறது. இதைக் கல்லாவில் நின்றுகொண்டு இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாது, அதனால் எழுதிவைக்கிறேன்.

முதலில் நோய். செய்தியில் குடல் முடிச்சு என்று வரும், ஆனால் குடல் முடிச்சுப் போட்டுக்கொள்வதில்லை. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் சொருகிக்கொள்கிறது, நீளக் கைச்சட்டையைக் கழற்றும்போது கை உள்பக்கமாக மடங்கிப் போகிறதே, அப்படி. பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள் போகும். டாக்டர்கள் இன்டஸஸெப்ஷன் என்பார்கள், தமிழில் குடல் செருகல். சொருகின பகுதியோடு ரத்தக் குழாய்களும் சேர்ந்து இழுபட்டு நெரிபடுவதால், நேரம் போகப்போக அந்த இடம் வீங்கி, ரத்தம் கசிந்து, கடைசியில் குடல் செத்துப்போகவும் கூடும். அதனால்தான் இது காத்திருந்து பார்க்கிற வியாதி இல்லை.

இது தடுப்பு மருந்து வருவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்த வியாதி. ஒரு வயதுக்குள் வருவதுதான் அதிகம், அதிலும் நாலு மாதத்துக்கும் பத்து மாதத்துக்கும் நடுவில், பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக. பெரும்பாலான பிள்ளைகளிடம் இன்ன காரணம் என்று கையைக் காட்ட முடியாது. சளி காய்ச்சலோ வேறு வைரஸ் தொற்றோ வந்து குடல் சுவரில் உள்ள நிணநீர்த் திசு வீங்கி, அந்த வீக்கத்தைக் குடல் முன்னால் தள்ளப் பார்க்கும்போது சொருகிக்கொள்கிறது என்பதுதான் பொதுவான விளக்கம். உலக அளவில் சராசரி பார்த்தால் ஒரு வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பிள்ளைகளில் வருஷத்துக்குச் சுமார் 74 பேர். ஆனால் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் இதில் பாதிகூட இல்லை, தென் கொரியாவிலும் வியட்நாமிலும் இதைப்போல நாலு மடங்கு. ஆகவே யாராவது உங்களுக்கு "அந்த நாட்டில் இத்தனை பிள்ளைகள்" என்று ஓர் எண்ணை அனுப்பினால், அந்த நாட்டில் வழக்கமாகவே எத்தனை என்று கேட்காமல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

எண்ணைப் படிக்கிற விதம்

இதுதான் கொஞ்சம் பொறுமை வேண்டிய பகுதி. மனக்கணக்காகவே போடலாம். ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீரைச் சொட்டாகக் கொடுத்தோம் என்று வையுங்கள். வருஷத்துக்கு 74 பேருக்கு எப்படியும் வரும் என்றால், வாரத்துக்கு ஒருவர் ஒன்றரைப் பேர். அப்படியானால் தண்ணீர் கொடுத்த அடுத்த வாரத்திலும் யாரோ ஒரு பிள்ளைக்குக் குடல் சொருகியிருக்கும். அந்தத் தாய்க்கு நீங்கள் என்ன விளக்கம் சொன்னாலும், தண்ணீர்தான் காரணம் என்று அவர் நினைப்பதைத் தடுக்க முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். அதனால் மருந்துக்குப் பிறகு வந்ததா என்பது கேள்வியே இல்லை. எப்படியும் வரவேண்டியதைவிடக் கூடுதலாக வந்ததா, அதே வயதில், அதே வாரத்தில்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும், வருகிற செய்தியில் பாதி தானாகவே கழிந்துபோகும்.

வயதை ஏன் சேர்க்கிறேன் என்றால், ஐந்து ஆறு மாதத்தில் கடைசி டோஸ் போடுகிற பிள்ளை, இயல்பாகவே குடல் செருகல் உச்சத்தில் இருக்கிற வயதில்தான் போடுகிறது. அந்த டோஸுக்குப் பிறகு வந்த கேஸ்களை மட்டும் எண்ணினால் மருந்து கொலைகாரன் மாதிரித் தெரியும். இதைத் தவிர்க்க ஆய்வாளர்கள் ஒரு நல்ல தந்திரம் வைத்திருக்கிறார்கள். குடல் செருகல் வந்த பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே பிள்ளையின் மருந்துக்கு அடுத்த ஒரு வாரத்தையும் மற்ற வாரங்களையும் ஒப்பிட்டு, வயதுக்குத் தக்கபடி திருத்திப் பார்க்கிறார்கள். பிள்ளை ஒன்றே என்பதால் சத்தானது, நோஞ்சான், பணக்கார வீடு, ஏழை வீடு என்ற வித்தியாசமெல்லாம் அடிபட்டுப் போகிறது.

இந்தக் கதையே தொடங்கியது அமெரிக்காவில். 1998 ஆகஸ்டில் ரோட்டாஷீல்ட் என்ற முதல் ரோட்டா மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது. அனுமதிக்கு முன் நடந்த சோதனைகளில் மருந்து எடுத்த பத்தாயிரம் சொச்சம் பிள்ளைகளில் 5 பேருக்குக் குடல் செருகல் வந்திருந்தது, ஆனால் பத்தாயிரத்தில் ஐந்தை வைத்து யாராலும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. 1999 ஜூலைக்குள் சுமார் 15 லட்சம் டோஸ் போயிருந்தபோது, தடுப்பூசிப் பக்கவிளைவுகளைப் பதிகிற அமைப்புக்கு 15 புகார்கள் வந்து சேர்ந்தன. 15 லட்சத்துக்கு 15 என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். மருந்தே கொடுக்காவிட்டாலும் டோஸுக்கு அடுத்த வாரத்தில் 14 முதல் 16 கேஸ்கள் தற்செயலாக வந்திருக்கும் என்று அவர்களே கணக்குப் போட்டார்கள். பிறகு ஏன் நிறுத்தினார்கள்? 15-இல் 13 பேருக்கு முதல் டோஸுக்குப் பிறகு வந்திருந்தது, 12 பேருக்கு டோஸ் கொடுத்த ஒரு வாரத்துக்குள். தற்செயல் என்றால் இப்படி ஒரே இடத்தில் குவியாது. போதாததற்கு, தானாக முன்வந்து சொல்கிற புகார்கள் எப்போதும் நடந்ததில் ஒரு பங்குதான். ஜூலை நடுவில் மருந்தை நிறுத்திவைத்துவிட்டு 19 மாநிலங்களில் குடல் செருகல் வந்த 429 பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் டோஸ் கொடுத்த 3-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை ஆபத்து இருபது மடங்குக்கு மேல் இருந்தது. மொத்தத்தில் சுமார் பத்தாயிரம் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் கேஸ். அந்த அக்டோபரிலேயே கம்பெனி மருந்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அமெரிக்காவில் அது சரியான முடிவுதான் என்பது என் கருத்து. ஆனால் அந்த முடிவின் விலையை வேறு யாரோ கொடுத்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 2004-இல் ரோட்டா வயிற்றுப்போக்கால் உலகம் முழுவதும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது, பெரும்பாலும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும். மாற்று மருந்துகள் வரவே 2006 வாக்கில் ஆகிவிட்டது.

2006 வாக்கில் வந்தவைதான் இன்று நம் கிளினிக்குகளில் கிடைக்கிற ரோட்டாரிக்ஸும் ரோட்டாடெக்கும். பழைய பாடத்தால் ஒவ்வொன்றையும் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் சோதித்தார்கள், குடல் செருகலைத் தேடிப் பார்ப்பதற்கென்றே அவ்வளவு பெரிய சோதனை. அதில் எதுவும் அகப்படவில்லை. கோடிக்கணக்கில் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் மெக்சிகோ, பிரேசில், ஆஸ்திரேலியா, நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூர் என்று சில இடங்களில் சிறிய கூடுதல் தெரிந்தது. அமெரிக்கக் கணக்கில் 20 ஆயிரம் முதல் ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு ஒரு கேஸ். ஏழு ஆப்பிரிக்க நாடுகளில் தேடினபோது கூடுதலே இல்லை, இந்தியாவில் அவர்கள் சொந்தமாகத் தயாரித்த மருந்துகளிலும் தெரியவில்லை.

இப்போது தராசின் மறு தட்டு. மருந்து வருவதற்கு முன் அமெரிக்காவில் வருஷத்துக்கு 55 ஆயிரம் முதல் 70 ஆயிரம் பிள்ளைகள் ரோட்டாவால் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். அங்கே வருஷத்துக்குப் பிறப்பது சுமார் 40 லட்சம். அதாவது ஒரு லட்சம் பிள்ளைகளை எடுத்துக்கொண்டால், ஐந்து வயதுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் டிரிப் ஏற்றிக்கொண்டு வார்டில் கிடந்திருப்பார்கள். மருந்தால் அதே ஒரு லட்சத்தில் கூடுதலாக வருகிற குடல் செருகல் ஒன்றிலிருந்து ஐந்து. மெக்சிகோவையும் பிரேசிலையும் சேர்த்துப் பார்த்தபோது, வருஷத்துக்கு மருந்தால் 96 குடல் செருகலும் 5 மரணமும், மருந்து தடுத்தது 80 ஆயிரம் ஆஸ்பத்திரி அனுமதியும் 1,300 மரணமும் என்று வந்தது. அந்த 5 என்பது சின்ன எண் என்று நான் சொல்லமாட்டேன், அவை ஐந்து வீடுகள். அதனால்தான் இனி வருகிற பகுதியைக் கவனமாகப் படியுங்கள் என்கிறேன்.

கொடுப்பதற்கு முன்

இதை எழுதும்போது ரோட்டா மருந்து மலேசிய அரசாங்கத்தின் தடுப்பூசி அட்டவணையில் இல்லை, பெரும்பாலும் தனியார் கிளினிக்கில் காசு கட்டித்தான் கொடுக்கிறோம். பிரச்சினையே இங்கேதான் தொடங்குகிறது. கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதார கிளினிக்கில், இரண்டு மாதத்து ஊசிக்குத் தேதி குறித்துக் கூப்பிடுகிறார்கள், ரோட்டாவுக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். பிரசவப் பத்தியம் முடியட்டும், அம்மா வீட்டிலிருந்து வரட்டும், அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே நாலு மாதத்தில் வந்து நிற்பவர்கள் நிறைய. முதல் டோஸை 6 வாரத்திலிருந்து 15 வாரத்துக்குள் கொடுத்துவிடச் சொல்வதற்குக் காரணமே, இயல்பான குடல் செருகல் ஏறத் தொடங்குகிற வயதுக்குள் போய் முதல் டோஸ் விழக்கூடாது என்பதுதான். ரோட்டாஷீல்ட் கதையைத் திரும்ப ஆராய்ந்தவர்கள், கேஸ்களில் 80 விழுக்காடு மூன்று மாதம் தாண்டி முதல் டோஸ் எடுத்த பிள்ளைகளிடம் வந்ததைக் காட்டினார்கள். ஏழை நாடுகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் பிறகு இந்த வரம்பைத் தளர்த்தியது, அங்கே வயிற்றுப்போக்கே கொல்கிறது என்பதால். கோலாலம்பூரில் நமக்கு அந்த நெருக்கடி இல்லை. எட்டு வாரத்தில், அரசாங்க ஊசிக்குப் போகிற அதே சமயத்தில் ரோட்டாவுக்கும் நாள் பார்த்துவிடுங்கள். ரோட்டாரிக்ஸ் இரண்டு டோஸ், ரோட்டாடெக் மூன்று. எதில் தொடங்கினீர்களோ அதிலேயே முடிப்பது நல்லது.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை: பிள்ளைக்கு முன்பே குடல் செருகல் வந்ததா, பிறவியிலேயே குடலில் கோளாறு உண்டா, பிறவி எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இருப்பதாக யாராவது சொன்னார்களா. குடல் செருகல் ஏற்கெனவே வந்த பிள்ளைக்கும், கடுமையான எதிர்ப்புச் சக்திக் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் இந்த மருந்து கூடாது. அன்றைக்கு வாந்தியும் பேதியும் கடுமையாக இருந்தால் சில நாள் தள்ளிப்போடலாம். லேசான மூக்கொழுகலுக்காகத் தள்ளாதீர்கள். கொடுத்ததும் மருந்தின் பெயர், தேதி, பேட்ச் எண் மூன்றும் பிள்ளையின் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

கொடுத்த பிறகு

மருந்தில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ், குடலில்தான் பெருகும். அது அதிகம் பெருகுகிற நாள்கள் முதல் டோஸுக்குப் பிந்தைய ஒரு வாரம், கூடுதல் ஆபத்தும் அதே வாரத்தில்தான். இரண்டாவது டோஸுக்குப் பிறகும் கொஞ்சம் உண்டு, ஆனால் குறைவு. ஆகவே காலண்டரில் அந்த ஏழு நாளைக் குறித்துக்கொண்டு, அந்த வாரம் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்களோ அவருக்கு, பாட்டியோ பராமரிப்பு நிலையத்து அக்காவோ, இதைச் சொல்லிவையுங்கள். அந்த வாரம் தூரப் பயணம் வேண்டாம் என்றுகூடச் சொல்வேன், டாக்டர்கள் யாரும் அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை, இது என் அபிப்பிராயம்தான்.

கவனிக்க வேண்டியது அழுகையின் வடிவம். வாயுத் தொல்லையில் அழுகிற பிள்ளை நசநசவென்று அழும், தூக்கினால் குறையும், ஏப்பம் விட்டால் நிற்கும். குடல் செருகலில் நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று வீறிட்டு அலறும், முகம் வெளுத்துப்போகும், இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கி இழுக்கும். சில நிமிடத்தில் நின்றுவிடும். நின்றதும் பிள்ளை தூங்கும், சில சமயம் சிரிக்கக்கூடச் செய்யும். வீட்டில் எல்லோரும் "பார்த்தியா, சரியாப் போச்சு" என்று மூச்சுவிடுவார்கள். கால் மணி, இருபது நிமிடம் கழித்து மறுபடியும் அதே அலறல். ஏமாற்றுவது நடுவில் வருகிற அந்த அமைதிதான். பாட்டி வாயுவுக்கு யூ யீ எண்ணெய் தேய்த்தார், உடனே நின்றது என்றால், அது எண்ணெயால் நின்றதா, வலியே விட்டுவிட்டு வருகிறதா என்று அடுத்த அரை மணிக்குள் தெரிந்துவிடும். ஒவ்வோர் அலறலுக்கும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், ஓர் அலறலைப் போனில் வீடியோ எடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பிள்ளை அமைதியான இடைவெளியில் இருந்தால், உங்கள் வாய்மொழியைவிட அந்த வீடியோ உதவும்.

வாந்தி முதலில் பாலாக வரும், அடைப்பு நீடித்தால் பச்சையாக மாறும். மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து கெட்டியாகச் சிவப்பாக வருவது பாடப்புத்தக அறிகுறி, ஆனால் அது தாமதமாக வருவது, அதற்காகக் காத்திருக்கக் கூடாது. வலி, வயிற்றில் கட்டி, ரத்த மலம் மூன்றும் ஒன்றாக இருப்பது மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளிடம்கூடக் கிடையாது. இன்னொரு வகையும் உண்டு: அழுகையே இல்லாமல் பிள்ளை துவண்டு, கூப்பிட்டால் திரும்பாமல், வெளுத்துக் கிடக்கும். அழவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

இதில் ஒன்று இருந்தாலும் பக்கத்து கிளினிக்கில் வரிசையில் உட்காராமல், குழந்தை அறுவைச் சிகிச்சை உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். கோலாலம்பூரில் துங்கு அசிசா அல்லது மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை. பினாங்குக்காரர்களுக்கு ஜார்ஜ் டவுன் பெரிய ஆஸ்பத்திரி. பிள்ளை துவண்டுவிட்டால் 999. வழியில் பாலோ கிரைப் வாட்டரோ ஓமத் தண்ணீரோ திணிக்காதீர்கள், மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால் வயிறு வெறுமையாக இருப்பது நல்லது. ரத்தம் கலந்த நாப்கினைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள், முடியாவிட்டால் படமாவது.

முன்வரிசைக் கவுண்டரில் அவசரத்தைப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கிற தாதியிடம் மலாயில் "அனாக் சாயா சாகிட் பெருட்" என்று மட்டும் சொன்னால் வயிற்றுவலி என்று பச்சையில் உட்கார வைக்க வாய்ப்பு உண்டு. "முந்தா ஹிஜாவ், பெராக் பெர்டாரா, மிங்கு லெப்பாஸ் அம்பில் வக்சின் ரோட்டா" (பச்சை வாந்தி, ரத்த மலம், போன வாரம் ரோட்டா மருந்து எடுத்தது) என்று உள்ளதை உள்ளபடி ஒரே மூச்சில் சொல்லுங்கள். இன்டஸஸெப்ஷன் என்ற சொல்லைத் துணிந்து சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

அல்ட்ராசவுண்டில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரிந்தால் விஷயம் உறுதி. டிரிப் ஏற்றிப் பிள்ளையைத் தேற்றிவிட்டு, ஆசனவாய் வழியாகக் காற்றையோ திரவத்தையோ அளவான அழுத்தத்தில் செலுத்தி, சொருகின பகுதியைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். சீக்கிரம் வந்தால் பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு இதிலேயே சரியாகிவிடும், கத்தி வைக்க வேண்டாம். குடல் ஓட்டையாகிவிட்டால், அல்லது காற்றுக்கு அசையாவிட்டால் ஆபரேஷன். சரியான பிறகும் பத்தில் ஒருவருக்குத் திரும்ப வரலாம் என்பதால் வார்டில் வைத்துப் பார்ப்பார்கள். "நல்லாதானே இருக்கான், வீட்டுக்குப் போகலாம்" என்று அவசரப்படாதீர்கள்.

அப்புறம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. புகார் பதிவது. பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிற என்.பி.ஆர்.ஏ. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை வாங்கிப் பதிகிறது. டாக்டரோ மருந்தாளரோ அனுப்பலாம், பொதுமக்களே நிரப்புகிற கன்சர்ஃப் என்ற படிவமும் அவர்களுடைய இணையத்தளத்தில் உண்டு. மருந்துதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. என்ன நடந்தது, எந்த நாள், எந்த பேட்ச், அவ்வளவுதான். 1999-இல் அந்தப் பதினைந்து பேர் எழுதி அனுப்பியிருக்காவிட்டால் ரோட்டாஷீல்ட் இன்னும் எத்தனை பிள்ளைகளுக்குப் போயிருக்குமோ. வாட்ஸ்அப்பில் நாற்பது குழுவுக்கு அனுப்புகிற செய்தியை எந்தப் புள்ளிவிவர நிபுணரும் எண்ணமாட்டார்.

குடல் செருகல் வந்து தேறிய பிள்ளைக்கு மீதி ரோட்டா டோஸ் கொடுக்கக் கூடாது. அதைப் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், நாளைக்கு வேறு கிளினிக்குக்குப் போனாலும் தெரியவேண்டும். மற்ற ஊசிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவை அட்டவணைப்படி தொடரும். எப்போது தொடங்கலாம் என்று வார்டை விட்டுக் கிளம்பும்போதே டாக்டரிடம் தேதி கேட்டுவிடுங்கள்.